எந்த உடல் எழும்? உயிர்ப்பு உடல் பற்றிய கிறித்தவச் சிந்தனையில் ஒரு திருப்பம்

இறந்தவர்கள் எத்தகைய உடலோடு எழுவார்கள் என்ற கேள்விக்குப் பவுல் விதையைக் காட்டிப் பதில் சொன்னார். ஏறத்தாழ கி.பி. 54இல் கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரமே இப்பொருளில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான கிறித்தவச் சான்று. மண்ணில் போடுவது ஒன்று, முளைத்து வருவது வேறொன்று என்கிறார். தசையும் இரத்தமும் இறையாட்சிக்கு உரிமை பெறா என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார். உடல் உண்டு, ஆனால் முற்றிலும் மாறிய உடல் என்பதே அவர் நிலை. நானூறு ஆண்டுகளுக்குள் இந்த அழுத்தம் இடம் மாறியது. மேற்குத் திருச்சபை ‘இதே தசை’ எழும் என்று வற்புறுத்தத் தொடங்கியது. இத்திருப்பத்தில் தத்துவத்தைவிடப் பெரும்பங்கு மறைசாட்சிகளின் சடலங்களுக்கு உண்டு என்பது என் கருத்து. கரோலின் வாக்கர் பைனம் 1995இல் வெளியிட்ட பெருநூல் இந்தத் திசையில் முன்னமே வழிகாட்டியிருக்கிறது.

நற்செய்திகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. லூக்காவில் உயிர்த்த இயேசு மீனை வாங்கி உண்கிறார். யோவானில் கதவுகள் பூட்டியிருக்க உள்ளே வந்து நிற்கிறார், பிறகு தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகிறார். இரு தரப்பாரும் சான்று காட்ட இவற்றில் இடமிருந்தது.

கி.பி. 177இல் கால் நாட்டின் லியோன் நகரில் நடந்ததை அவ்வூர்க் கிறித்தவர்களே ஒரு மடலில் எழுதிவைத்தார்கள். யூசேபியு தம் வரலாற்றின் ஐந்தாம் நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். கொல்லப்பட்டவர்களின் உடல்கள் ஆறு நாள் திறந்தவெளியில் கிடந்தன. காவலர் நின்று அடக்கம் செய்யவிடாமல் தடுத்தனர். பிறகு உடல்களை எரித்து, சாம்பலைக் கூட்டி ரோன் ஆற்றில் தள்ளினர். மறுபடி எழுவோம் என்ற நம்பிக்கையே இவர்களைச் சாவுக்கு அஞ்சாதவர்களாக்குகிறது, அதை வேரறுக்க வேண்டும் என்பதே கொன்றவர்களின் கணக்கு என்கிறது அம்மடல். அவ்வூர் மூப்பரான இரேனியு அப்போது உரோமைக்குச் சென்றிருந்தார், திரும்பியபின் ஆயரானார். தசைக்கு மீட்பில்லை என்று வாதிட்ட ஞானக் கொள்கையினர் பவுலின் ‘தசையும் இரத்தமும்’ என்ற வரியையே ஆயுதமாக்கியிருந்தார்கள். ஏறத்தாழ 180இல் எழுதிய தம் மறுப்பு நூலின் ஐந்தாம் பகுதியில் இரேனியு அந்த வரியோடு நெடுநேரம் மல்லுக்கட்டுகிறார். துன்பப்பட்ட தசைக்கே பரிசும் உரியது என்ற நியாயத்தை அடுத்த தலைமுறையில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் இன்னும் கூர்மையாக்கினார்.

இந்த ஓட்டத்துக்கு எதிர்நின்றவர் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன். உடலின் பொருள் ஆற்றுநீர் போல ஓடிக்கொண்டேயிருக்கிறது. நேற்றைய உடலும் இன்றைய உடலும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. ஆனாலும் ஆளை ஆளாகக் காட்டும் ஒரு வடிவம் நிலைக்கிறது. எழும்போதும் அந்த வடிவமே தொடரும் என்றார். என் பார்வையில், பவுலின் விதைக்கு மிக அருகில் வந்த விளக்கம் இதுதான். ஒரிஜனும் துன்பம் அறியாதவர் அல்லர். தந்தை லியோனிதேசு மறைசாட்சியாக இறந்தவர். தெசியு பேரரசன் காலத்தில் ஒரிஜனே சித்திரவதைப்பட்டார். எனவே சடலங்களின் கதையைக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. இருந்தும் திருச்சபை அவர் வழியில் செல்லவில்லை. முதலில் மெத்தோதியு அவரை மறுத்தார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம், ஒரிஜன் பக்கம் சாய்ந்தவர் என்று எருசலேம் ஆயர் யோவானைத் தாக்கி எழுதியபோது, ‘உடல்’ என்று திரும்பத் திரும்பச் சொல்பவர் ‘தசை’ என்று ஒருமுறைகூட வாய்திறக்கவில்லையே என்று எண்ணிக் காட்டினார்.

பின்னாளில் ஹிப்போவின் ஆயரான அகுஸ்தீனிடம் இந்த மாற்றத்தை ஒரே மனிதருக்குள் பார்க்கலாம். 393இல் அவர் ஆற்றிய உரையில் விண்ணக உடலில் தசையும் இரத்தமும் இருக்காது. முதுமையில் தம் நூல்களைத் திருத்தியபோது அந்தக் கூற்றுக்கு விளக்கம் சேர்த்தார். ஏறத்தாழ 426இல் முடிந்த ‘கடவுளின் நகர’த்தின் 22ஆம் நூலில் வெட்டிய முடியும் நகமும் என்னாகும், குழந்தையாய் இறந்தவர் எந்த வயதில் எழுவார், பெண்கள் பெண்களாகவே எழுவார்களா என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். பஞ்சத்தில் ஒருவன் இன்னொருவனைத் தின்றால் அந்தத் தசை யாருக்கு? முதலில் யாருடையதோ அவருக்கே திரும்பும். தின்றவன் இழந்ததைக் கடவுள் காற்றிலிருந்தும் மீட்டுத் தருவார் என்கிறார். மறைசாட்சிகளின் வெட்டுண்ட உறுப்புகள் சேரும், தழும்புகள் மட்டும் அழகாய் நிற்கும். இதே நூலில்தான் 415இல் கண்டெடுக்கப்பட்ட முதல் மறைசாட்சி ஸ்தேவானின் அருளிக்கத்தால் (உடல் எச்சத்தால்) ஹிப்போவில் நடந்த புதுமைகளையும் பதிவுசெய்கிறார்; இரண்டாண்டு நிறையுமுன் எழுத்தில் வந்தவை மட்டும் ஏறத்தாழ 70. எலும்புத் துண்டில் அருள் குடியிருக்கும் என்று மக்கள் நம்பிய ஊரில், எழும் உடலுக்கும் அந்த எலும்புக்கும் தொடர்பில்லை என்று எந்த ஆயரால் போதிக்க முடியும்?

1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், எல்லாரும் இப்போது அணிந்திருக்கும் சொந்த உடல்களோடு எழுவர் என்று வரையறுத்தது. அதே நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஆன்மாவை உடலின் வடிவம் என்று கொண்டு சிக்கலைத் தளர்த்தினார். அவருக்குப் பின் வந்த துராந்து, ஆன்மா ஒன்றாயிருந்தால் எந்தப் பொருளும் அதே உடலாகும் என்று துணிந்து சொன்னார். தருக்கப்படி பார்த்தால், அத்துடன் அருளிக்கங்கள் வெறும் எலும்பாகியிருக்க வேண்டும். நடைமுறையில் அவற்றின் மதிப்பு குறையவேயில்லை.

நவீன காலத்தில் விவாதம் சுடுகாட்டுக்கு வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் எரியூட்டலைத் தடைசெய்தது, 1963இல் அனுமதித்தது. உடல் எரிந்தாலும் எழுப்பக் கடவுளுக்குத் தடையில்லை என்று 2016ஆம் ஆண்டு அறிவுறுத்தல் சொல்கிறது. சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது என்று அதே அறிவுறுத்தல் விதிக்கவும் செய்கிறது.