உருக்கு நரம்பில் ஒரு சங்கீதம்

1964 டிசெம்பர் 9ஆம் நாள் ஜோன் கோல்ற்றேனும் அவருடைய துணைவர் மூவரும் நியூ ஜேர்சியில் ஒலிப்பதிவுசெய்த ‘எ லவ் சுப்ரீம்’ ஜாஸ் இசையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. அஃது இறைவனுக்குத் தாம் செலுத்தும் காணிக்கை எனக் கோல்ற்றேனே இசைத்தட்டின் உறையில் எழுதினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர், கம்பெல் சகோதரர் என்னும் தேவாலய இசைக்குழுவினர் அப்படைப்பு முழுவதையும் ஸ்டீல் கிற்றாரிலே வாசித்தனர். இதனை வெறும் புதுமை நாட்டமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஸ்டீல் கிற்றாரில் விரலால் நரம்பை அழுத்துவதில்லை. உருக்குத் துண்டொன்றை நரம்புகளின்மேல் வழுக்கிச் செலுத்துவர். நம்மவர் அறிந்த கோட்டுவாத்தியத்தின் முறையும் ஏறக்குறைய இதுவே. சுரத்துக்குச் சுரம் தாவாது இழைந்து செல்வதால் மனிதக் குரலின் குழைவும் விம்மலும் அதற்கு எளிதில் வாய்க்கின்றன. ஹவாய்த் தீவுகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இக்கருவியைப் பிலடெல்பியாவில் ஹவாய்க் கலைஞர் ஒருவரிடம் பயின்றவர் துரோமன் ஈசன். 1930களில் அவரும் அவர்தம் தம்பி வில்லியும் அதனைக் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபையொன்றின் வழிபாட்டிற் புகுத்தினர். ஓர்கன் வகிக்கும் இடத்தை அங்கே ஸ்டீல் கிற்றார் பெற்றது. போதகரின் சொல்லுக்கு மறுமொழி கூறுவதும், சபையோரை எழுந்து ஆடச் செய்வதும் அதன் பணியாயின. 1997இல் இசைத்தட்டாக வெளிவரும்வரை வெளியுலகம் இம்மரபைப் பெரிதும் அறிந்திருக்கவில்லை. ஆலயத்து இசை கச்சேரி மேடை ஏறியமை சபையினருள் ஒரு சாராருக்குக் கசப்பையே தந்தது. மூத்தவரான சக் கம்பெல் 2004இல் அமெரிக்க அரசின் மரபுக்கலை விருதைப் பெற்ற பின்னரும் அவ்வினா முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

கோல்ற்றேனின் படைப்பு நான்கு பகுதிகளையுடையது. மூன்றாம் பகுதியில் எல்வின் ஜோன்ஸ் எழுப்பிய அடுக்குத் தாளங்களை ஈடுசெய்வது எவர்க்கும் அரிது. ஆனால் இறுதிப் பகுதி ஸ்டீல் கிற்றாருக்கென்றே அமைந்தது போன்றது. அதன் பெயர் ‘சாம்’. தமிழ் விவிலியம் ‘சங்கீதம்’ என மொழிபெயர்க்கும் அதே சொல். உறையில் அச்சிட்ட தம் பிரார்த்தனைக் கவிதையைக் கோல்ற்றேன் அப்பகுதியிலே வாயால் ஓதவில்லை. சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனில் வாசித்தார் என்பதை லூயிஸ் போட்டர் என்னும் ஆய்வாளர் நிறுவியுள்ளார். கருவியைப் பேசவைக்கும் இக்கலையையே ஈசன் சகோதரர் வழிவந்தோர் ஞாயிறுதோறும் பயின்றுவந்தனர். இரு மரபுக்கும் ஊற்று, பேச்சிலிருந்து பாட்டாக உயரும் போதகரின் குரலே எனலாம். கோல்ற்றேனின் பாட்டன்மார் இருவருமே மெதடிஸ்த மரபுக் கறுப்பினச் சபையின் போதகர்கள்.