வடிவறிவும் மரத்தேடலும்: கோ நிரல்கள் காட்டும் முரண்

கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பது பற்றி 1950இல் எழுதியபோது கிளாட் ஷானன் இரண்டு வழிகளைச் சொன்னார். எல்லா நகர்வுகளையும் ஓர் ஆழம்வரை பார்த்துவிடுவது ஒன்று. தேறும் எனத் தோன்றுபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவது மற்றொன்று. சதுரங்கத்தில் முதல் வழிதான் நெடுங்காலம் கைகொடுத்தது. 361 புள்ளிகள் கொண்ட பலகையில், ஒரு நிலைக்குச் சுமார் 250 நகர்வுகள் வாய்க்கும் கோ ஆட்டத்தில் அது எடுபடவில்லை. எதைப் பார்க்காமல் விடுவது என்பதே அங்கே முதல் கேள்வி. விடை தருவது வடிவறிவு: காய்களின் அக்கம்பக்க அமைப்பைக் கண்டதுமே இன்ன இடத்தில் வைக்கலாம் என்று ஊகிக்கும் அறிவு. இது கூர்மையானால் நிரலும் வலுக்கும் என்று எண்ணத் தோன்றும். கோ நிரல்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஊகம் எத்தனை முறை பலிக்கிறது என்பதை வைத்து இவ்வறிவை எடைபோட முடியாது. தேடலின் உழைப்பை அது எப்படிப் பங்கிடுகிறது, தன் பிழையைத் தேடல் திருத்த எவ்வளவு இடம் விடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

2006இல் ரெமி கூலோமின் ‘கிரேஸி ஸ்டோன்’ நிரலும், கோச்சிஷும் செபெஷ்வாரியும் வகுத்த யூசிடி விதியும் மான்டி கார்லோ மரத்தேடலுக்கு அடித்தளமிட்டன. ஒரு நிலையிலிருந்து ஆட்டத்தை முடிவுவரை குருட்டாம்போக்கில் ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பார்த்து, வெற்றிகளை எண்ணி, நன்றாகத் தேறும் நகர்வுக் கிளைக்கு மேலும் முயற்சிகளை ஒதுக்குவது அதன் சாரம். இந்த ஒத்திகை ஆட்டங்களில்தான் ‘மோகோ’ நிரலின் குழுவினர் வடிவங்களைப் புகுத்தினார்கள். கடைசியாக வைத்த காயைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளில் ஒவ்வொன்றையும் நடுவாகக் கொண்டு 3×3 சதுரத்தைப் பார்ப்பது. எதிரிக் காயின் ஓரத்தைச் சுற்றி வளையும் ‘ஹானே’யோ காய்களைப் பிரிக்கும் வெட்டோ பொருந்தினால் அங்கேயே வைப்பது. அற்பமாகத் தெரியும் இந்த மாற்றம் நிரலின் வலிமையைப் பெரிதும் உயர்த்தியது.

அப்படியானால் இன்னும் நல்ல வடிவறிவு இன்னும் நல்ல பலன் தரவேண்டுமல்லவா? 2007இல் சில்வான் ஜெல்லியும் டேவிட் சில்வரும் அதைச் சோதித்தார்கள். வடிவங்களின் மதிப்பைத் தானே ஆடிக் கற்ற ஒரு மதிப்பீட்டை ஒத்திகையில் வைத்தார்கள். நேருக்கு நேர் ஆடினால் அது மோகோவின் ஒத்திகை விதியை வென்றது. தேடலுக்குள் வைத்தபோதோ நிரல் பலவீனமானது. அதே மதிப்பீட்டை மரத்தில் புதிதாக முளைக்கும் கிளைகளுக்கு, ஆடிப் பார்க்குமுன்னே தரும் முன்மதிப்பாகக் கொடுத்ததும் நிரல் வலுத்தது. ஒத்திகையின் வேலை நன்றாக ஆடுவதல்ல, யார் வெல்வார் என்று அளப்பது. இரு தட்டிலும் ஒரே அளவு பிசகும் தராசை வைத்துக் காலம் தள்ளலாம்; ஒரு தட்டில் மட்டும் பிசகினால், பிசகு சிறிதேயானாலும், எத்தனை முறை நிறுத்தாலும் பொய்தான். 2009இல் சில்வரும் ஜெரால்டு டெசாரோவும் ஒத்திகையை வலிமைக்காக அன்றிச் சமநிலைக்காகப் பயிற்றியது இதனால்தான்.

மரத்துக்குள் வைக்கும் அறிவில் வேறோர் ஆபத்து: அது ஒதுக்கிய கிளையை யாரும் எட்டிப்பார்க்காமலே போகலாம். கூலோம் 2007இல் கண்ட தீர்வு நேர்த்தியானது. ஒரு நகர்வின் வடிவம், கடைசிக் காயிலிருந்து அதன் தூரம் என ஒவ்வோர் அம்சத்தையும் ஒரு வீரராகவும் நகர்வை அவ்வீரர்களின் அணியாகவும் கொண்டார். தேர்ந்தவர்கள் ஆடிய நகர்வு அந்நிலையின் மற்ற எல்லா நகர்வுகளையும் வென்றதாகக் கணக்கிட்டு, வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் ஈலோ தரப்புள்ளி இட்டார். முதல் ஊகம் ஏறத்தாழ மூன்றில் ஒருமுறைதான் பலித்தது. ஆனால் ஒரு நிலைக்குத் தேடல் திரும்பத் திரும்ப வரவர, பட்டியலின் அடுத்தடுத்த நகர்வுகளும் சேர்ந்துகொண்டே போயின. எந்த நகர்வும் விலக்கப்படவில்லை; எல்லாம் வரிசையில் காத்திருந்தன.

2016இன் ஆல்ஃபாகோ நிரலில் முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கேஜிஎஸ் என்னும் இணையக் கோ தளத்து ஆட்டங்களின் 3 கோடி நிலைகளில் பயின்ற நரம்பு வலைப்பின்னல் மனித நகர்வை 57 விழுக்காடு சரியாகச் சொன்னது. தன்னோடு தானே ஆடி மெருகேறிய மற்றொன்று அதை 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்கடித்தது. ஆயினும் தேடலுக்கு முன்மதிப்பு தர அமர்த்தப்பட்டது தோற்ற வலைப்பின்னல்தான்! வென்றது ஒரே நகர்வில் நம்பிக்கையைக் குவிக்கிறது, மனிதரிடம் கற்றதோ பல நல்ல நகர்வுகளுக்கும் பகிர்ந்து தருகிறது என்று அதை ஆக்கியோர் கருதினர். முன்மதிப்பைக் கிளைக்கு வந்த எண்ணிக்கையால் வகுக்கும் சூத்திரமும் இதற்கு ஒத்துழைத்தது: பார்க்கப் பார்க்க வடிவறிவின் குரல் தேய்ந்து, கண்டறிந்த மதிப்பு மேலோங்கும். கோ வீரர் லீ செடோலுக்கு எதிரான 2ஆம் ஆட்டத்தின் 37ஆம் நகர்வை ஒரு மனிதர் ஆடப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்று கணித்த நிரல்தான் அதை ஆடியது.

2017இன் ஆல்ஃபாகோ ஸீரோ இவ்வாதத்தை உடைக்கிறது எனலாம்: அதன் வலைப்பின்னல் தனித்தும் வலியது, முன்மதிப்பாகவும் சிறந்தது. ஆனால் அது கற்றது எதை? தேடல் ஒவ்வொரு நகர்வுக்கும் செலவிட்ட வருகைகளின் விகிதத்தை. பங்கீடே அதன் பாடம். தன்னோடு தானே ஆடிய ஆட்டங்களில் மரத்தின் வேரில் முன்மதிப்போடு வேண்டுமென்றே இரைச்சலும் கலக்கப்பட்டது. மனித நகர்வை ஊகிப்பதில், மனித ஆட்டங்களில் பயின்ற வலைப்பின்னலைவிட அது பின்தங்கியே இருந்தது.

பிழையைத் தேடல் திருத்த இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் ‘கட்டாகோ’ நிரல் சான்று. அதன் காய்க்கூட்டம் ஒன்றை வளையமாக மூடவிட்டு வெளியே சுற்றி வளைத்தால், கூட்டம் சாகும் தறுவாயிலும் அது உயிரோடிருப்பதாகவே நிரல் மதிப்பிடுவதை ஆய்வாளர்கள் காட்டினர். மனிதர்களும் இவ்வழியில் அதை வென்றனர். தேடலைப் பெருக்கியபோது குறை தணிந்தது, தீரவில்லை. வெற்றி உறுதி என்று மதிப்பீடு சொல்லிக்கொண்டிருக்க, தப்பிக்கும் நகர்வுகளுக்குத் தேடல் வருகை ஒதுக்கக் காரணமே இருக்கவில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.