ருமேனியத் தத்துப்பிள்ளைகளின் வளரிளம்பருவ மனநலம்

தத்துப்பிள்ளைகளின் மனநலம் பற்றிய பேச்சில் அடிக்கடி சான்றாக வருபவர்கள், ருமேனியக் காப்பகங்களிலிருந்து பிரித்தானியக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள்.

அவர்கள் காப்பகங்களுக்கு வந்ததன் வேர் 1966இல் இருக்கிறது. நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்க நினைத்த ருமேனிய ஆட்சியாளர் நிக்கோலாய் சௌசெஸ்கு, அவ்வாண்டு 770ஆம் எண் ஆணையால் கருக்கலைப்பைத் தடைசெய்தார். கருத்தடைச் சாதனங்களும் எளிதில் கிடைக்கவில்லை. பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி விழுந்தது. இந்த ஆணையால் பிறந்த தலைமுறைக்கு ஆணையின் பேரையே பட்டமாகச் சூட்டினார்கள். வறுமையில் உழன்ற பெற்றோர் பலர், வளர்க்க வழியில்லாமல் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டார்கள். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது, காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. அவர்கள் பகலெல்லாம் கம்பிக் கட்டிலுக்குள் கிடந்தார்கள். பால்புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு ஆயா அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தூக்கிக் கொஞ்ச ஆளில்லாத குழந்தை, தன்னைத்தானே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கும்.

1990 முதல் 1992 வரை பிரித்தானியாவுக்குத் தத்துப் போனவர்களில் 165 பேரை, உளமருத்துவர் மைக்கேல் ரட்டர் தலைமையிலான குழு 4, 6, 11, 15 வயதுகளிலும் பின்னர் இளைஞர் பருவத்திலும் ஆராய்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பிரித்தானியாவிலேயே பிறந்து ஆறு மாதத்துக்குள் தத்தெடுக்கப்பட்ட 52 பேரையும் சேர்த்துக்கொண்டது.

ஆய்வு கண்ட எல்லைக்கோடு ஆறு மாதம். அதற்குள் காப்பகத்தை விட்டு வந்தவர்கள் பிரித்தானியக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் இருந்தவர்களிடம் நான்கு குறைகள் மிகுந்திருந்தன: மதியிறுக்கத்தை ஒத்த நடத்தை, கவனச்சிதறலும் துறுதுறுப்பும், அறிவு வளர்ச்சியில் பின்னடைவு, அந்நியரிடம் கூச்சமின்றி ஒட்டிக்கொள்ளுதல். கடைசியாகச் சொன்னதைப் பெற்றோர் முதலில் பெருமையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பிள்ளை எல்லாரிடமும் நன்றாகப் பழகுகிறது என்று தோன்றும். ஆனால் தாயைத் திரும்பிக்கூடப் பாராமல், முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். இந்தப் பழக்கத்தின் சாயல் சிலரிடம் பதினைந்து வயதிலும் இருந்தது. அறிவு வளர்ச்சி மட்டும் காலப்போக்கில் மற்றவர்களை எட்டிப்பிடித்தது. மனச்சோர்வும் பதற்றமும் இளைஞர் பருவத்தில்தான் வெளிப்படையாகத் தெரிந்தன.

ஆகவே பதின்ம வயதில் தலைகாட்டும் கோளாறைத் தத்தெடுப்பின்மேலோ வளர்த்தவர்மேலோ சுமத்துவது தவறு. கெடுதல் தத்துக்கு முன்பே நேர்ந்துவிட்டது. பரம்பரைக் குணம் என்போரும் உண்டு. ஆறு மாத எல்லைக்கோடு அவர்கள் பக்கம் இல்லை: பரம்பரைதான் காரணம் என்றால், ஆறு மாதத்துக்குள் வந்தவர்களிடமும் அக்குறைகள் மிகுந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் காப்பகத்தில் கிடந்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தக் குறையுமின்றி வளர்ந்தது எப்படி என்பதுதான் இன்னும் விளங்காதது.

2005 முதல் ருமேனியா, நெருங்கிய உறவினருக்கன்றி வெளிநாட்டவருக்குக் குழந்தைகளைத் தத்துத் தருவதை நிறுத்திவிட்டது.