இளநிலை மாணவருக்கு ஐரோப்பிய ஆய்வுப் பருவம்: வழிகள், தடைகள், உரிமைகள்

கொட்டாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மயிலாடி இருக்கிறது. இன்று பட்டியல் சாதியாக உள்ள சாம்பவர் சமூகத்தில் அங்கே பிறந்தவர் மகாராசன். தஞ்சாவூர் சென்று கிறிஸ்தவம் தழுவி வேதமாணிக்கம் எனப் பெயர் கொண்டவர். அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாகவே 1806-இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி வழியாகத் தென் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். ரிங்கல்தௌபே ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1809-இல் மயிலாடியில் தொடங்கிய அவரது கல்விப் பணியைத்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகக் குறிப்பிடுகிறது.

இம்மாவட்டத்தின் கல்வி வரலாற்றில், ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவரை இங்கே வரவழைத்தவர் ஓர் ஒடுக்கப்பட்டவர். இரு நூற்றாண்டுகள் கழிந்த பின், அதே மண்ணின் தலித் மாணவர் ஒருவர் தம் இளநிலைப் படிப்பின் நடுவே ஒரு பருவம் ஐரோப்பிய ஆய்வுக்கூடத்திலோ பல்கலைக்கழகத் துறையிலோ ஆய்வு செய்ய விரும்பினால் அவருக்கு எந்த வாயில் திறந்திருக்கிறது? இக்கட்டுரை அதற்கான கையேடு. அந்த வாயில்கள் எங்கே, எதனால் மூடியிருக்கின்றன என்பதையும் நாம் இங்கே சுட்டுகிறோம்.

ஆய்வுப் பருவம் என்பது யாது?

தாய்க் கல்லூரியில் பதிவை விடாமலே, ஒரு பருவம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயில்வது அல்லது ஆய்வில் பங்கேற்பது. திரும்பி வந்து பட்டத்தைத் தாய்க் கல்லூரியிலேயே முடிப்பது. ஐரோப்பாவில் ஒரு பருவத்தின் முழுப் பளு 30 மதிப்பலகுகள். அவற்றைத் தாய்க் கல்லூரி தன் கணக்கில் ஏற்றுக்கொண்டால் மாணவருக்குப் பருவ இழப்பு இல்லை. ஏற்காவிட்டால் அதே பருவத்தின் தாள்கள் அனைத்தும் அரியராக நிற்கும்.

இதன் பயன் பயண அனுபவத்தோடு முடிவதில்லை. முதுநிலை, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஐரோப்பியத் துறைகள் கேட்பவை ஆய்வு அனுபவமும், மாணவரின் வேலையை நேரில் கண்ட ஆய்வாளர் எழுதும் பரிந்துரைக் கடிதமும். இவ்விரண்டும் இளநிலைக் காலத்திலேயே பெறப்படுபவை. பெரிய நகரத்தின் பெயர்பெற்ற நிறுவனங்களில் படிப்போருக்கு இவை இயல்பாகக் கிடைக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இணைவுக் கல்லூரி மாணவருக்கு அவை எட்டுவது அரிது.

உதவித்தொகை தொடங்கும் இடமே தாமதம்

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய பொருள்கள் 2022-இல் அதன் வரம்பிலிருந்து நீக்கப்பட்டன. சாதியை அயல்நாட்டில் ஆராய விரும்பிய தலித் மாணவருக்கு அதனால் கதவு அடைபட்டது. 2025-26-க்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே கடிதம் தரப்பட்டு, மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று கூறப்பட்டது.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆயினும் அதுவும் முதுநிலையிலிருந்தே தொடங்குகிறது.

ஆக, ஏணியின் மேல் படிகளுக்கு அரசு பணம் தருகிறது. முதல் படிக்கு இவ்விரு திட்டங்களும் தருவதில்லை. அரசால் இயலாத காரியமும் அன்று இது. அரசுக் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பருவம் பிரிட்டனுக்கு அனுப்பும் திட்டத்தைத் தமிழ்நாடு சென்ற பத்தாண்டில் நடத்தியிருக்கிறது.

மூன்று வழிகள்

முதலாவது, நிறுவன ஒப்பந்த வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இந்திய மாணவர் 2 முதல் 12 மாதம் வரை சென்று படிக்கலாம். கற்பிப்புக் கட்டணம் இல்லை. நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவியும், தொலைவுக்கேற்பப் பயணத்தொகையும் உண்டு. ஆனால் தனி மாணவர் இதற்கு நேராக விண்ணப்பிக்க இயலாது. அவருடைய கல்லூரிக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதில் இந்தியாவுக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு அரசின் சார்பாக் உதவித்தொகையில் மாணவர் பரிமாற்றப் பிரிவும் இத்தகையதே.

இரண்டாவது, திறந்த போட்டி வழி. ஜெனீவாவின் செர்ன் ஆய்வு மையம், சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல், ஆஸ்திரியாவின் ஐஎஸ்டிஏ ஆகியவை கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு மாணவர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றன. செர்ன் அமைப்பில் இந்தியா 2017 முதல் இணை உறுப்பு நாடு. இவை ஒரு முழுப் பருவம் அல்ல, இரண்டு மூன்று மாதங்கள்தாம். ஆயினும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருபவை. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் முந்தைய நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, ஆசிரியர் வழி. ஆய்வுக்குழுத் தலைவருக்கு நேரில் எழுதி அழைப்பைப் பெறுதல். அவ்வழைப்பை வைத்துப் பிரெஞ்சு ஆய்வுக்கூடங்களுக்கான சார்பாக் பிரிவு போன்றவற்றில் நிதி கேட்கலாம். ஒப்பந்தமற்ற கல்லூரி மாணவருக்கு இதுவே நடைமுறையில் எஞ்சும் வழி.

நாட்காட்டி

நம் கல்லூரிகளின் ஒற்றைப்படைப் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. இரட்டைப்படைப் பருவம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜெர்மனியின் குளிர்காலப் பருவமோ அக்டோபரில் தொடங்குகிறது. கோடைப் பருவம் ஏப்ரலில். முழுப் பருவத்துக்குச் செல்பவர் இங்கே ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத் தேர்வைத் தவறவிடுவார் என்பது ஏறக்குறைய உறுதி. அதனால் முழுப் பருவம் செல்வோர் மதிப்பலகு ஏற்பை எழுத்தில் பெறாமல் விமானச் சீட்டு வாங்கலாகாது. அத்தகைய ஏற்பு கிடைக்காத கல்லூரியில் படிப்போர், நான்காம் பருவத் தேர்வு முடிந்து வரும் மே முதல் ஜூலை வரையிலான கோடைப் பயிற்சியைத் தேர்வதே பாதுகாப்பு. இரண்டிலும் ஆயத்தம் ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். அதாவது இரண்டாம் ஆண்டின் ஜூன் மாதத்தில்.

பணம்

ஜெர்மனியில் 90 நாளுக்கு மேல் தங்க தேசிய விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ. உதவித்தொகை இல்லாதவர் மாதம் 992 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 5 லட்சம். தமிழ்நாட்டில் 2025-26-க்கான நூறு நாள் வேலையின் நாட்கூலி 336 ரூபாய். ஆண்டு முழுவதும் நூறு நாளும் குறையாமல் வேலை கிடைத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேமித்தாலும், தாய் ஒருவர் அத்தொகையைத் திரட்ட ஏறத்தாழ 15 ஆண்டு ஆகும். பிரான்சு கேட்பது மாதம் 615 யூரோ. அதுவும் இக்குடும்பங்களின் கைக்கு எட்டாதது.

எனவே உதவித்தொகையின்றிச் செல்லும் திட்டம் எதையும் நாம் பரிந்துரைப்பதில்லை. வட்டிக்குக் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஒரு பருவத்துக்குச் செல்ல வேண்டாம். உதவித்தொகை உறுதியான பின்னும் ஒரு சிக்கல் உண்டு: பணம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே வரும், விசாக் கட்டணம், காப்பீடு, விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு முன்பணம் வேண்டும். முன்பணமாகத் தர இயலுமா என்று அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் தயங்காமல் கேளுங்கள். எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் பின்தங்கிய சூழலிலிருந்து வருவோர்க்கான கூடுதல் உதவி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கரே, பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. மீண்டும் சென்று முடித்தவர், 1922-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பெயர் பதிந்தார். பணம் தீர்ந்து திரும்புவது மாணவரின் தகுதிக் குறைவு ஆகாது; ஆனால் அதை முன்கூட்டியே கணக்கிடுவது நம் கடமை.

ஆவணங்களும் பெயரும்

கடவுச்சீட்டே முதல் வேலை. குமரி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கச் சீட்டின் கட்டணம் 1,500 ரூபாய். நம்மிடம் வரும் மாணவர்களின் ஆவணங்களில் நாம் மிகுதியாகக் காண்பது பெயர் முரண்பாடு. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் தந்தை பெயர் விரிவாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்துவதே எளிது. இத்திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

இப்பகுதியில் இன்னொரு முரண்பாடும் உண்டு: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சாதிச் சான்றிதழின் பெயரும் மதமும் வேறு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே பட்டியல் சாதிச் சலுகை கோருவதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவ்வாணை அநீதியானது என்பதே நம் நிலைப்பாடு. அதற்கு எதிரான போராட்டம் தொடர்கிறது. ஆனால் அந்தப் போராட்டத்தின் சுமையை ஒரு மாணவர் தம் விண்ணப்பத்தில் தனியே தாங்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்ற உண்மையான சான்றிதழோடு, அவர்களை ஏற்கும் மாநிலத் திட்டங்களையும், சாதிச் சான்றிதழே கேட்காத ஐரோப்பிய உதவித்தொகைகளையும் நாடுங்கள்.

ஆங்கிலத் தகுதிக்கு ஐஈஎல்டிஎஸ் தேர்வு எழுத 17,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அதற்குப் பணம் கட்டும் முன், பயிற்று மொழி ஆங்கிலம் என்று கல்லூரி தரும் கடிதம் போதுமா என்று கேளுங்கள். பல இடங்களில் போதும்.

ஆய்வாளருக்கு எழுதும் கடிதம்

நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். ஒருவருடைய ஒரு கட்டுரையை முழுதும் படித்து, அதிலிருந்து எழும் ஒரு கேள்வியை வைத்து, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உங்களிடம் இருப்பது என்ன என்பதையும் சொல்லுங்கள். கொட்டாரத்தைச் சுற்றி ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், மணக்குடிக் கழிமுகத்தின் அலையாத்தி, சாமிதோப்பு, புத்தளம் உப்பளங்கள், மயிலாடியின் கற்சிற்பத் தொழில் ஆகியவற்றை ஓர் ஐரோப்பிய ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் அனுமதி பெற்று வந்து பார்க்கிறார். அவற்றின் நடுவே வளர்ந்த மாணவர் அதைத் தகுதியாக எழுதத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் தரும் பிடிமானம்

முதன்மையான ஆவணம் கற்றல் ஒப்பந்தம். மாணவர், தாய்க் கல்லூரி, அழைக்கும் பல்கலைக்கழகம் மூவரும் கையொப்பமிடும் இதில், எந்தப் பாடத்துக்கு ஈடாக எந்தப் பாடம் ஏற்கப்படும் என்பது புறப்படும் முன்பே எழுதப்படுகிறது. துறைத்தலைவரின் வாய்மொழி உறுதி ஆவணம் ஆகாது. இணைவுக் கல்லூரியாயின் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். உதவித்தொகையும் வருகைப்பதிவும் பாதிக்கப்படா என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் இருக்கும் கல்லூரியில் அது யாருக்குத் தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. எராஸ்மஸ் பிளஸ் விதிகள் மாணவர் தேர்வு வெளிப்படையாகவும் ஆவணப்படுத்தப்பட்டும் இருக்க வேண்டும் என்கின்றன. அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் டிஏவி கல்லூரி வழக்கில் கூறியது. ஆகவே அரசுக் கல்லூரிகளிடம் மட்டுமின்றி, அவ்வாறு நிதி பெறும் உதவிபெறும் கல்லூரிகளிடமும் 10 ரூபாய் கட்டணத்தில் இவற்றைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்:

1. எந்தெந்த அயல்நாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் உள்ளது? அவற்றின் நகல்.
2. கடந்த ஐந்து ஆண்டுகளில் சென்ற மாணவர் எத்தனை பேர்? சமூகப் பிரிவு வாரியாக.
3. தேர்வு அளவுகோல் என்ன? அறிவிப்பு எங்கே, எந்த நாளில் வெளியிடப்பட்டது?
4. மதிப்பலகு ஏற்புக்கான விதி அல்லது தீர்மானத்தின் நகல்.

காலக்கெடு தவறினால் எல்லாம் முடிந்தது என்று கருத வேண்டாம். 17,500 ரூபாய் கட்டணத்தை உரிய நேரத்தில் செலுத்த இயலாமல் தனுபாத் ஐஐடி இடத்தை இழந்த பட்டியல் சாதி மாணவருக்கு, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி இடம் வழங்கியது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் காலக்கெடுவுக்கு அது எட்டாது. நம் அரசின், நம் கல்லூரியின் தாமதத்தை மட்டுமே இங்கே வழக்காக்க முடியும்.

நாம் கோர வேண்டியவை

அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இளநிலை ஆய்வுப் பருவத்துக்கும் விரிய வேண்டும். ஒரு முதுநிலை மாணவருக்கான ஓராண்டு உச்சவரம்புத் தொகையில், மேற்சொன்ன ஜெர்மானியக் கணக்குப்படி, பயணச் செலவையும் சேர்த்து ஐந்து இளநிலை மாணவரையேனும் ஒரு பருவம் அனுப்பலாம். பணம் புறப்படும் முன்பே தரப்பட வேண்டும். கல்லூரி தோறும் தனித்தனியே ஒப்பந்தம் தேடுவதற்கு மாறாக, பல்கலைக்கழகமே ஒப்பந்தம் செய்து இணைவுக் கல்லூரி மாணவர் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும். மதிப்பலகு ஏற்பு, துறைத்தலைவரின் மனப்போக்கைச் சாராத விதியாக வேண்டும். இவற்றுக்கு அரசமைப்பின் 15(4), 46 ஆகிய பிரிவுகளே போதிய அடிப்படை. அவை தலித் கிறிஸ்தவரையும் வெளியே நிறுத்துவதில்லை.

கொட்டாரத்துக்கு அருகிலுள்ள சுசீந்திரத்தில் 1926-இல் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்கானது. தெரு பொதுப் பணத்தில் அமைந்தது, ஆகவே அனைவருக்கும் உரியது என்பதே அதன் வாதம். பொதுப் பணத்தில் நடக்கும் கல்லூரி செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கும் அதே வாதம் பொருந்தும். இந்த ஜூனில் இரண்டாம் ஆண்டு சேரும் மாணவர்கள் மேற்கண்ட நான்கு கேள்விகளை எழுதி அனுப்புவதிலிருந்து தொடங்கலாம்.