விட்டுக்கொடுத்து வெல்லும் ஆட்டம்

போலிஷ் மொழியில் 'க்வின்ட்' என்றால் திருகாணியின் மரை. அந்த்ஜேய் சப்கோவ்ஸ்கி தம் நாவலில் வரும் குள்ளர் இனத்தவரின் சீட்டாட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். 1996இல் வெளிவந்த 'நெருப்பு ஞானஸ்நானம்' என்ற அந்த நாவலில் ஊரெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது. நில்ஃப்கார்ட் பேரரசின் படை வடக்கு நோக்கி வருகிறது. அகதிப் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நடக்கும் சோல்தான் சிவாயும் அவன் தோழர்களும் இரவில் முகாமிட்டதும் சீட்டுக்கட்டை எடுத்து விடுகிறார்கள். இருவர் ஒரு கட்சி, இருவர் எதிர்க்கட்சி. ஏலம் கேட்பதும், கத்துவதும், ஒருவரையொருவர் ஏசுவதுமாக ஆட்டம் நடக்கிறது. காணாமற்போன சிரியைத் தேடிச் செல்லும் கெரால்ட், அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் உறங்க வேண்டியிருக்கிறது. நாவலைப் படித்து ஒருவர் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு விட முடியாது. சப்கோவ்ஸ்கிக்கு வேண்டியிருந்தது விதிகள் அல்ல. போருக்கு நடுவிலும் வாய்ச்சண்டை போட்டுக்கொள்ளும் மனிதர்களின் சத்தம்.

இந்தச் சத்தம் ஒரு கணினி விளையாட்டுக்குள் நுழைந்து, மௌனமான கணக்காக மாறி, பின்னர் அதிலிருந்தும் வெளியேறித் தனி ஆட்டமாகப் பிழைக்கப் பார்த்த கதையையே நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாவலாசிரியன் ஒரு வரியில் விட்டுச் சென்ற பொருளை வேறொரு கலை எடுத்து முழுமை செய்யும் நிகழ்ச்சி இலக்கிய வரலாற்றுக்கு அந்நியமானது என்று நமக்குத் தோன்றவில்லை.

வார்சாவில் இயங்கும் சிடி ப்ராஜக்ட் ரெட் நிறுவனம் 'தி விட்சர்' கதையுலகை முதலில் 2007இல் விளையாட்டாக்கியது. இரண்டாம் பாகம் 2011இல் வந்தது. இரண்டிலும் சாவடிகளில் ஆடக் கிடைத்தது பகடைப் போக்கர். பகடையை உருட்டிவிட்டு அதிர்ஷ்டத்தைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர அதில் ஆடுபவர் செய்வதற்கு அதிகம் இல்லை. 2015 மே 19 அன்று வெளியான மூன்றாம் பாகத்தில் பகடை போய்ச் சீட்டு வந்தது. டேமியன் மோனியே, ரஃபாவ் யாகி என்ற இருவர் அதை வடிவமைத்தனர். நாவலிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஏலம் இல்லை, கட்சி இல்லை, கூச்சலும் இல்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் இந்த ஆட்டம் ஆங்கில வழக்கில் 'க்வென்ட்' ஆயிற்று.

உள்ளடக்கம் எங்கிருந்து வந்தது? இங்கே ஒரு பழைய பலகை ஆட்டத்தை நினைவுகூர வேண்டும். தொமினிக் எரார் வடிவமைத்து 1995இல் வெளிவந்த 'கொந்தோத்தியேரே'. மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் கூலிப்படைத் தலைவர்களாக நாம் ஆட வேண்டும். கையிலிருக்கும் சீட்டுகளை வரிசையாக இறக்கி, கூட்டுத்தொகை அதிகமுள்ளவர் ஒரு நகரத்தைப் பெறுவார். செலவான சீட்டு உடனே திரும்ப நிரப்பப்படாது. அதே கையோடுதான் அடுத்த போருக்கும் போக வேண்டும். குளிர்காலச் சீட்டு விழுந்தால் எல்லாக் கூலிப்படையின் மதிப்பும் ஒன்றாகிவிடும். முரசு இரட்டிப்பாக்கும். சோளக்கொல்லைப் பொம்மை, இறக்கிய வீரனைக் கைக்குத் திருப்பித் தரும். க்வென்டில் உறைபனி, போர்க்கொம்பு, போலி ஆள் என்று இம்மூன்றும் இருக்கின்றன. யாருக்கு யார் கடன்பட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் இரண்டையும் ஆடிப் பார்த்தவர்கள் இவை உறவுக்காரர்கள் என்பதை மறுக்க மாட்டார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆடுபவருக்குத் தொடக்கத்தில் பத்துச் சீட்டுகள். அவற்றில் இரண்டை மாற்றிக்கொள்ளலாம். மூன்று சுற்றுகள், இரண்டில் வென்றவர் வென்றவர். பொதுவாக இடையில் புதுச் சீட்டு கிடையாது. கைகலப்பு வரிசை, வில்லாளர் வரிசை, முற்றுகை வரிசை என மூன்று வரிசைகளில் வீரர்களை இறக்கலாம். எந்த நேரத்திலும் 'பாஸ்' சொல்லி அந்தச் சுற்றிலிருந்து விலகலாம். விலகியவர் அச்சுற்றில் மறுபடி சீட்டு இறக்க முடியாது. விதிகள் ஏறக்குறைய இவ்வளவே.

இதைப் புதிதாகக் கற்றவர் என்ன செய்வார்? முதல் சுற்றிலேயே தன் பெரிய சீட்டுகளை எல்லாம் இறக்கி வெல்வார். அடுத்த இரண்டு சுற்றுகளில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். க்வென்டின் சூட்சுமம் அனைத்தும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது: ஒரு சுற்றை எத்தனை சீட்டுக்கு விற்பது என்பதே கேள்வி. எதிராளி ஆறு சீட்டுகளைச் செலவழித்து வென்ற சுற்றில் நாம் மூன்றைச் செலவழித்துத் தோற்றிருந்தால், தோற்றவர் நாமல்ல.

இந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோவது ஒற்றர் சீட்டு. ஒற்றனை நம் பக்கத்தில் அல்ல, எதிராளியின் வரிசையில் இறக்க வேண்டும். அவன் மதிப்பு எதிராளிக்குச் சேரும். பதிலுக்கு நம் கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். வடநாட்டுக் கட்டில் மூன்று ஒற்றர்கள்: ஸ்டென்னிஸ் இளவரசன் ஐந்து, சிகிஸ்மண்ட் டைக்ஸ்ட்ரா நான்கு, தேலர் ஒன்று. மூவரும் வாய்த்த கை ஒன்றைக் கற்பனை செய்வோம். மூவரையும் அனுப்பினால் எதிராளிக்குப் பத்துப் புள்ளிகளைத் தானம் செய்தாயிற்று. நம் கையிலோ பத்துச் சீட்டு பதின்மூன்றாகிவிட்டது. தூண்டில் இரையாக இரண்டு சில்லறை வீரர்களை இறக்குகிறோம். எதிராளியும் நமக்கு இணையாக ஐந்து சீட்டுகளை இறக்கியிருப்பான். இப்போது 'பாஸ்'. முதல் சுற்று அவனுக்கு. ஆனால் அவனிடம் மிச்சம் ஐந்து, நம்மிடம் பதினொன்று. இனி எஞ்சிய இரண்டு சுற்றுகளையும் நாம் அவசரமின்றி எடுத்துக்கொள்ளலாம். நில்ஃப்கார்ட் கட்டை எதிர்த்து ஆடும்போது அவர்களுடைய ஒற்றன் நம் வரிசைக்கு வந்தால், போலி ஆளைக் கொண்டு அவனைக் கையில் எடுத்து, அவனையே அவர்களிடம் திருப்பி அனுப்பலாம். அவர்களின் ஸ்டீஃபன் ஸ்கெல்லன் ஒன்பது மதிப்புள்ளவன். அவ்வளவு பெரிய பரிசைக் கொடுத்து இரண்டு சீட்டு வாங்குவது லாபமா என்றால், பெரும்பாலும் லாபமே.

விளையாட்டுக்குள் இருக்கும் எதிராளிகள், அதாவது சாவடிக்காரர்கள், கொல்லர்கள், வணிகர்கள், இந்தப் பொறியில் மீண்டும் மீண்டும் விழுவார்கள். முதல் சுற்றில் கையைக் கரைப்பது அவர்களை இயக்கும் நிரலின் சுபாவம். எனவே ஒற்றர்களைச் சேர்த்துவிட்டவருக்கு ஆட்டம் எளிதாகிவிடுகிறது. அதைச் சேர்ப்பதுதான் கடினம். தொடக்கத்தில் நம் கட்டு சவலைப்பிள்ளை. வைட் ஆர்ச்சர்ட் என்ற கிராமத்துச் சாவடியில் அறிஞர் ஒருவர் ஆட்டத்தைக் கற்றுத்தருகிறார். அவரிடமே நாம் தோற்கக்கூடும். பிறகு ஊர் ஊராகப் போய், வணிகர்களை வென்று ஒவ்வொரு சீட்டாகப் பெற வேண்டும். கட்டில் குறைந்தது 22 வீரர்கள் இருந்தாக வேண்டும். அனுபவசாலிகள் அந்த 22ஐத் தாண்டுவதில்லை. கட்டு மெலியும்போது நல்ல சீட்டு கைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆட்டத்தின் பெரும் பந்தயம் நோவிகிராட் நகரத்துப் பாசிஃப்ளோரா விடுதியில் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் ஆயிரம் கிரவுன்.

சிரி ஆபத்தில் இருக்கிறாள், தேடிச் செல்லும் வளர்ப்புத் தந்தை கடைத்தெருவில் சீட்டாடிக்கொண்டிருக்கிறான் என்ற கேலி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கதைக்கட்டு என்ற அளவில் இந்தக் குறை நியாயமானதே. ஆனால் சீட்டுகளைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வடநாட்டுக் கட்டின் தலைவன் ஃபோல்டெஸ்ட் மன்னன். கதையில் அவன் 2011ஆம் ஆண்டின் பாகத்திலேயே கொலையுண்டு போனவன். அந்தக் கட்டின் பலமே நீலக்கோடு அதிரடிப் படையினர் மூவர். ஒவ்வொருவரும் நான்கு மதிப்பு. ஒரே வரிசையில் சேர்ந்தால் பிணைப்பு விதியால் ஒவ்வொருவரும் பன்னிரண்டு ஆகி, மொத்தம் 36. கொம்பும் ஊதினால் 72. இந்தப் படையினரையும் இரண்டாம் பாகத்தில், ரோச் என்ற தளபதியின் பாதையைத் தேர்ந்து ஆடியவர்கள், கொன்று தொங்கவிடப்பட்ட கோலத்தில் பார்த்திருப்பார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு நாட்டின் சாவடியில், செத்த மன்னனையும் தூக்கிலிடப்பட்ட வீரர்களையும் மேசைமேல் பரப்பி, உண்மைப் போரில் தோற்ற தரப்பு சீட்டில் வெல்கிறது. வென்றவரின் முகத்தில் மகிழ்ச்சி வருமா? விளையாட்டு இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாததே நல்லது. சப்கோவ்ஸ்கியின் குள்ளர்கள் சத்தம் போட்டு மறக்க முயன்றதை இந்த ஆட்டம் சத்தமின்றி நினைவூட்டுகிறது என்பது நம் கணிப்பு.

ஒற்றர்களும் அப்படியே. டைக்ஸ்ட்ரா கதையில் ரெடானியாவின் உளவுத்துறையை ஆண்டவன். தேலர் டெமேரியாவின் உளவாளி. எதிரிக்குப் பலம் சேர்ப்பதுபோல் பாவனை காட்டித் தன் தரப்புக்குச் செய்தி சேர்ப்பது அவர்கள் தொழில். விதி இங்கே பாத்திரத்திலிருந்தே பிறந்திருக்கிறது.

(நாவலாசிரியரைப் பற்றிய ஒரு செய்தி இவ்விடத்தில் பொருந்தும். விளையாட்டு உரிமைக்கு லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தத் தொகை போதும் என்று வாங்கிக்கொண்டவர் அவர். விற்பனை கோடிகளைத் தாண்டிய பிறகு, 2018இல், குறைந்தது 6 கோடி ஸ்வோத்தி தர வேண்டுமென வழக்கறிஞர் மூலம் கேட்டார். 2019 டிசம்பரில் இரு தரப்பும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. முதல் சுற்றில் 'பாஸ்' சொன்னவர் மூன்றாம் சுற்றில் மீண்டார் எனலாம்.)

ஆட்டம் எதிர்பாராத அளவுக்குப் பிடித்துப்போயிற்று. 2015 அக்டோபரில் வந்த முதல் விரிவாக்கத்தின் பெட்டிப் பதிப்போடு காகிதச் சீட்டுக்கட்டுகளும் தரப்பட்டன. 2016 மே மாதத்து இரண்டாம் விரிவாக்கத்தில் ஸ்கெலிகே தீவினரின் கட்டு சேர்ந்தது. அடுத்த மாதமே தனி விளையாட்டாக க்வென்ட் அறிவிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று அது முழுமை பெற்று வெளியானது.

இங்கே வெற்றி என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. எதிரே இருப்பவர் இப்போது மனிதர். முதல் சுற்றில் கையைக் கரைக்க அவர் மறுத்தார். ஒற்றர்களின் அருமை அவருக்கும் தெரிந்திருந்தது. யார் முதலில் ஆடுவது என்பதே பெரும் சர்ச்சை ஆயிற்று. பின்னால் ஆடுபவர் எதிராளியின் செலவைப் பார்த்துத் தன் செலவை முடிவு செய்யலாம் அல்லவா? நியாயம் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. முதலில் ஆடுபவருக்கு ஈடாக ஒரு தனிச் சீட்டு கொடுத்தார்கள். மூன்று வரிசைகள் இரண்டாயின. சுற்றுக்கு மூன்று புதுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இது திறமையான சீர்திருத்தம். ஆடத் தகுந்த ஆட்டம்தான். ஆயினும் பத்தே சீட்டில் மூன்று போர்களை நடத்த வேண்டிய பழைய பஞ்சம் அதில் இல்லை. கையிருப்பு மீண்டும் நிரம்பும் என்று தெரிந்தவன் விட்டுக்கொடுப்பது வேறு. நிரம்பாது என்று தெரிந்தும் விட்டுக்கொடுப்பது வேறு. பழைய ஆட்டத்தின் சுவை அதன் அநியாயத்தில் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஏழைக் கட்டோடு வெலென் சதுப்புநிலத்துச் சாவடியில் உட்காரும் வழிப்போக்கனுக்கு நியாயமான எதிராளி கிடைப்பதில்லை. அவன் தந்திரத்தால் பிழைக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டோடு புதிய சீட்டுகள் உருவாக்குவதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு சீட்டுகளின் மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆடுபவர்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எந்தச் சீட்டு வலுவிழக்க வேண்டும், எது வலுப்பெற வேண்டும் என்று மாதந்தோறும் வாதங்கள் நடக்கத் தொடங்கின. சோல்தானின் முகாமில் கேட்ட அந்தக் கூச்சல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, இப்படித்தான் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தது.