புலவர் வரலாறும் பிறப்புக் கதையும்

1859ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலே தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை அகரவரிசையில் தொகுத்துக் கூற எழுந்த முதல் முயற்சியாகும். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807 - 1860) அதன் ஆசிரியர். கிரேக்க, உரோமப் பெருமக்களின் வாழ்வை இணையிணையாக எழுதிய புளூராக்கின் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டியமையிலிருந்தே அவருடைய நோக்கம் புலனாகும். தமிழுக்கும் பெருமக்கள் உளர், அவர்க்கும் வரலாறு உண்டு என்று ஆங்கிலம் கற்ற உலகுக்குக் காட்ட அவர் விழைந்தார். 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' அப்பணியைத் தமிழில் விரிவாக்கிற்று.

இவ்விருவரும் எழுதிய காலத்தில் எட்டுத்தொகை நூல்களுள் பெரும்பாலானவை ஏட்டுச் சுவடிகளாகவே கிடந்தன. கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலும், புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இலுமே பதிப்பித்தனர். எனவே கபிலரைப் பற்றி எழுதப் புகுந்த காசிச்செட்டியின் முன் பாரியைப் பாடிய கபிலர் இருக்கவில்லை. அவர்முன் இருந்தவை கர்ணபரம்பரைக் கதைகளும் தனிப்பாடல்களும் பிற்காலப் புராணங்களுமே. அவற்றை நம்பியமைக்காக அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. கையில் இருந்ததைக் கொண்டே எவரும் எழுதவியலும்.

அக்கதைகளுள் தலையாயது எழுவர் பிறப்புக் கதை. பகவன் என்னும் பார்ப்பனனுக்கும் ஆதி என்னும் புலைச்சிக்கும் உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, வள்ளுவர், அதிகமான், கபிலர் என எழுவர் பிறந்தனர். பிறந்த இடத்திலேயே குழந்தையை விட்டுவிட்டு வழிநடத்தல் வேண்டும் என்பது தந்தை விதித்த நிபந்தனை. கபிலர் வாய்மொழியாக அமைந்த 'கபிலரகவல்' என்னும் பிற்கால நூல் ஒவ்வொருவரும் வளர்ந்த இடத்தை வரிசையாகச் சொல்கின்றது. உப்பை ஊற்றுக்காட்டில் வண்ணார் இல்லத்திலும், உறுவை காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்போர் சேரியிலும், ஔவை பாணர் மனையிலும், வள்ளி குறவரிடத்தும், வள்ளுவர் மயிலையில் பறையரிடத்தும், அதிகமான் வஞ்சியில் அரசர் இல்லத்திலும், கபிலர் ஆரூர் அந்தணரிடத்தும் வளர்ந்தனர் என்பது அதன் கூற்று.

புறநானூறு அச்சில் வந்தபோது இக்கதை ஆதாரம் இழந்தது. அந்நூலிற் காணப்படும் கபிலர் பாரியின் உயிர்த்தோழர். பறம்புமலையை மூவேந்தர் முற்றியபோது அவர் அம்மலையிலிருந்து பாடினார். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு குறுநில மன்னர் வாயில்தோறும் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்தனர். இருங்கோவேளிடம் தம்மை அறிமுகம் செய்யுமிடத்து அவர் தம்மை அந்தணன் என்றே கூறிக்கொள்கின்றார். அவர் காலத்தை அடுத்து வாழ்ந்த மாறோக்கத்து நப்பசலையாரும் அவரை மாசற்ற அந்தணாளர் என்றே போற்றுகின்றார். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும் குறிஞ்சிப்பாட்டும் கபிலருடையனவே. இத்துணைச் செய்யுள்களிலும் உடன்பிறந்தார் எழுவரைப் பற்றி ஒரு குறிப்பேனும் இல்லை.

ஔவையாரின் நிலையும் இதுவே. தகடூர் அதியமான் நெடுமானஞ்சி அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவருக்கு ஈந்தான். அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்று, அவனுடைய படைக்கலக் கொட்டிலின் புதுமையைப் புகழ்வது போல இகழ்ந்தவரும் அவன் இறந்தபோது கையற்றுப் பாடியவரும் அவரே. அவர் அவனுக்குத் தமக்கையல்லர். அவனாற் புரக்கப்பட்ட புலவர். ஆயினும் கதைக்கும் செய்யுளுக்கும் இடையே ஓர் இழை அறுபடாது ஓடுவதை மறுத்தலும் ஆகாது. புரவலனுக்கும் புலவருக்கும் இருந்த நெருக்கத்தைப் பிற்காலத்தார் இரத்த உறவாக மாற்றிக்கொண்டனர். வேந்தனொருவன் பாண்மகளிர் மரபிலே வந்த ஒருத்தியிடம் அத்துணை அன்பு பூண்டமைக்கு அவர்கள் அறிந்த விளக்கம் உடன்பிறப்பு ஒன்றே போலும். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட பிராமிக் கல்வெட்டு நெடுமானஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. புரவலனுக்குக் கல்லிலும் சான்று கிடைத்துவிட்டது. புலவருக்கோ அவர் பாடல்களே சான்று.

திருக்கோவலூர் இன்னொரு வகையிலும் கவனத்துக்குரியது. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தார் என்று உரைக்கின்றது. புறநானூற்றுச் செய்யுள்கள் இதனை இவ்வாறு கூறவில்லை. ஆகவே பதினோராம் நூற்றாண்டளவிலேயே கபிலர் வாழ்வைச் சுற்றிக் கதை வளரத் தொடங்கிவிட்டமை தெளிவு. ஆனால் அக்கல்வெட்டிலும் எழுவர் கதை இல்லை. கபிலரின் இறப்புப் பற்றிய கதையே கல்வெட்டில் முதலிற் காணப்படுகின்றது. பிறப்புப் பற்றிய கதைக்கு அதிற் சுவடும் இல்லை.

அவ்வாறாயின் பிறப்புக் கதை எதிலிருந்து முளைத்தது? திருக்குறளின் முதற் பாவில் இறைவனைக் குறிக்க வந்த இரு சொற்களே பிரிந்து தாயும் தந்தையும் ஆயின என்று கொள்வதே பொருத்தமாகும். நூலிலிருந்து ஆள் பிறக்கும் இம்முறை தமிழ் மரபுக்குப் புதியதன்று. குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர் பலர் தாம் பாடிய தொடராலேயே பெயர் பெற்றுள்ளனர். செம்புலப்பெயனீரார் அவருள் ஒருவர். அகப்பாட்டிலே மாந்தர் இயற்பெயர் சுட்டலாகாது என்னும் மரபு இருந்தமையால் அப்பாடல்களிலிருந்து புலவர் வாழ்வை அறிய வழியில்லை. புறப்பாட்டுகளின் அடிக்குறிப்புகளும் தொகுத்தோர் சேர்த்தவையே. பாடியோர் எழுதியவை அல்ல. இதனை மறந்து அவற்றைப் புலவரின் நாட்குறிப்புப் போல வாசிப்போர் இன்றும் உளர். ஈழத்துப் பூதன்தேவனார் பெயரில் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகியவற்றில் ஏழு பாடல்கள் உள. அவர் ஊரைத் தவிர அவை அவர் வாழ்வைப் பற்றி உரைப்பது எதுவுமில்லை. அவ்வூர்ப் பெயரும் பாடல்களுக்கு வெளியே, பெயரடையாக நிற்பதே. இச்சிறு குறிப்பின்மீது பக்கம் பக்கமாக வாழ்க்கை வரலாறு எழுப்புதல், காசிச்செட்டிக்கு இருந்த நியாயம்கூட இல்லாத செயலாகும்.

ஆயினும் கதை பொய் என்று நிறுவுவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அப்பொய்யை யார், எதற்காகச் சொன்னார் என்பதும் வரலாறே. கபிலரகவலின் களம் ஓர் உபநயனச் சடங்கு. இழிகுலத்தாள் மகனுக்குப் பூணூல் அணிவித்தலாகாது என்று அந்தணர் மறுக்கின்றனர். அவர்க்குக் கபிலர் விடை கூறுகின்றார். ஒட்டியர், சிங்களர், சோனகர், யவனர், சீனத்தர் நாடுகளிற் பார்ப்பார் இல்லையே என்கின்றார். மழையும் காற்றும் கதிரவனும் சிலரை விலக்கிச் செயற்படுவதில்லை என்கின்றார். இறுதியில் தம் உடன்பிறந்தாரையே சான்றாக நிறுத்துகின்றார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் வளர்ந்த மனைக்கேற்ப வண்ணாரும் குறவரும் அரசரும் அந்தணரும் ஆயினர் என்பதே அவர் வாதம். பாரியின் தோழருக்கு இவ்வாதம் தேவைப்படவில்லை. சாதி இறுகிய பிற்காலச் சமுதாயத்துக்கே தேவைப்பட்டது. தன் கருத்தைச் சொல்ல அது பழம்புலவர் ஒருவரின் பெயரை இரவல் வாங்கிற்று.

இதே கதை எதிர்த்திசையிலும் பயன்பட்டது. தந்தை பார்ப்பனன் என்பதை அழுத்திக் கூறினால் வள்ளுவரின் அறிவுக்கு அத்தந்தையின் வித்தே காரணம் என்று முடித்துவிடலாம். அவரை வளர்த்த சேரிக்கு அதிற் பங்கில்லாமற் போய்விடும். பலர் அவ்வாறே சொல்லி வந்தனர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் வள்ளுவரின் பிறப்புக் கதையை வன்மையாக மறுத்தமைக்கு இப்பின்னணி உண்டு. ஏட்டுச் சுவடியில் ஐயமெழுந்ததால் மட்டும் அவர் மறுக்கவில்லை. தம் மக்களின் அறிவு மரபை அக்கதை பிறனொருவனுக்கு உரிமையாக்குகின்றது என்று கண்டமையாலும் மறுத்தார்.

புறநானூற்றுக்குப் பின் எழுந்த இலக்கிய வரலாறுகள் கபிலரையும் ஔவையாரையும் வள்ளுவரையும் இக்கதையிலிருந்து மீட்டுத் தத்தம் காலத்தில் இருத்தின. அதியமானுக்கும் தகடூர் கிடைத்தது. எஞ்சிய மூவருக்கு எந்த நூலும் இல்லை. கதையின் ஒரு வடிவிலே, பிறந்தவுடன் தாயைத் தேற்ற ஒவ்வொரு வெண்பாப் பாடியதோடு உப்பையும் உறுவையும் வள்ளியும் அமைந்துவிடுகின்றனர். அவர்களைச் செய்யுளாசிரியராக எவரும் இன்று கொள்வதில்லை. வண்ணார் மனையிலும் கள் விற்போர் சேரியிலும் குறவர் குடியிலும் வளர்ந்த அம்மூவரும் கபிலரகவலில் மட்டும் வள்ளுவர்க்கும் கபிலர்க்கும் உடன்பிறந்தாராக, ஒரே வரிசையில் இருக்கின்றனர்.