மறதிநோய் முற்சோதனை
முதியோரின் நினைவு, கவனம், மொழி ஆகியவற்றில் நேரும் தேய்வை நோய் முற்றுமுன் கண்டறிய உதவும் சோதனை. 1975-இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் வெளியிட்ட 30 மதிப்பெண் வினாத்தொகுப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஆனால் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் வாக்கியம் எழுதவும் சொல்லும் அது, பள்ளிக்கே போகாதவரிடம் நோயைவிட அவருக்குக் கிட்டாத படிப்பையே அதிகம் அளக்கிறது. எழுத்தறியாதோருக்கென 1990-களில் அரியானாவின் பல்லப்கரில் இந்தி வடிவம் உருவானது இதனால்தான்.

குணமாக்க மருந்தில்லாத நோயை முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்பர். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2020-இல், அறிகுறியற்ற முதியோரைச் சோதிப்பதன் நன்மை தீமைகளை எடைபோடச் சான்று போதாது என்றது. தடுமாற்றம் தெரியத் தொடங்கியவருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகவே வெளிப்படலாம். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. ‘வயதானால் அப்படித்தான்’ என்று ஒதுக்கினால், தேறக்கூடிய இவர்களும் கைவிடப்படுவர்.